உம்ம கத்தி என்னத்த வெட்டுச்சு வே?

மருமவனே, கோவிச்சுக்கப்படாது. புது வீட்டுக்குப் பால் காய்ச்சக் கூப்பிட்டீரு, வந்தேன். பாயாசத்துல ஒரு குறையும் இல்ல. ஆனா ஹால் செவுத்துல, சாமி படத்துக்குப் பக்கத்துல, மூணு கத்திய மரத் தாங்கியில அடுக்கி வச்சு, "மாமா, சாமுராய் செட்டு, ஆன்லைன்ல ஆஃபர்ல கெடச்சது"ன்னு காட்டுனீரு பாரும், அப்பவே எனக்கு நாக்கு நமநமன்னுச்சு. நாலு பேரு முன்னால சொன்னா உம்ம மாப்பிள்ளை முறுக்கு கொறைஞ்சு போவுமேன்னு வாய மூடிக்கிட்டேன். இன்னைக்கு நாம ரெண்டு பேருதான் இருக்கோம். உக்காரும், சொல்லுதேன்.

நான் கப்பல்ல ஆயில்மேனா கெடந்தவன்னு உமக்குத் தெரியும். கோபேயிலயும் ஒசாகாவுலயும் சரக்கு ஏத்தி இறக்குத வரைக்கும் மத்தவன்லாம் டேப் ரெக்கார்டர் வாங்க ஓடுவான். நான் மியூசியத்துக்குள்ள போயி கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால நின்னு கத்தி பாப்பேன். ஏன்னு கேக்காதேயும். உம்ம அத்தை கையில அருவாமணையப் பாத்துப் பழகுன கண்ணு. ஆளில்லாத கத்தியப் பாத்தா அதுக்கு ஒரு நிம்மதி.

மொதல் சங்கதி. நீரு மூணையும் கட்டானா, கட்டானான்னு சொல்லுதீரு. மூணுல ஒண்ணுதான் வே கட்டானா. ஜப்பான்காரன் கணக்குல ஷாக்குன்னு ஒரு அளவு, 30.3 சென்டிமீட்டர், நம்ம அடிக்கு அரை நூல் கொறைச்சல். ரெண்டு ஷாக்குக்கு மேல போனா கட்டானா. ஒண்ணுக்கு மேல ரெண்டுக்குள்ளன்னா வாக்கிசாஷி. ஒண்ணுக்குள்ளயே அடங்கிட்டா டான்டோ. அளக்கதும் கைப்பிடியச் சேத்து இல்ல. நுனியில இருந்து, அலகோட முதுகு கைப்பிடிக்குள்ள நுழையப் போற எடத்துல ஒரு சின்ன வெட்டு விட்டிருப்பான், அதுவரைக்கும் கோடு புடிச்சாப்புல நேரா அளக்கணும்.

இந்தக் கணக்குல ஈவு எரக்கமே கெடையாது. ககாவா மாவட்டத்துல மருகாமேன்னு ஒரு ஊரு. அந்த ஊரு வசம் 'நிக்காரி ஆவோயே'ன்னு ஒரு கத்தி இருக்கு. பொறந்தப்ப நல்ல நீளம். பின்னால வந்தவன் தனக்குத் தோதா வால்பக்கமா வெட்டிக் குறைச்சிட்டான். இப்ப 60.3 சென்டிமீட்டர். ரெண்டு ஷாக்குக்கு மூணே மூணு மில்லிமீட்டர் கம்மி. அம்புட்டுதான், பெரிய வாக்கிசாஷின்னு எழுதி வச்சிட்டான். அதோட பேருக்கு ஒரு கதை இருக்கு, அதுக்குப் பெறவு வாரேன்.

ரெண்டாவது, நீரு மாட்டியிருக்க தினுசு. வாய்ப்பக்கம் கீழ பாக்க வச்சிருக்கீரு. அப்படி வச்சா அது கட்டானா இல்ல, தாச்சி. குதிரை மேல ஏறிச் சண்டை போட்ட காலத்துல கத்திய இடுப்புல கயித்துல தொங்க விட்டான், வாய்ப்பக்கம் கீழ. அதுதான் தாச்சி, வளைவு கூட, நீளமும் கூட. பெறவு பதினஞ்சாம் நூத்தாண்டு வாக்குல சண்டையெல்லாம் தரையில எறங்கிட்டு. கூட்டம் கூட்டமா காலாள் மோதும்போது, உருவுதது ஒரு வேலை, ஓங்குதது ஒரு வேலைன்னு இருந்தா ஆளு காலி. அதனால கச்சைக்குள்ள வாய்ப்பக்கம் மேல பாக்கச் சொருகினான். உருவுத வீச்சுலயே வெட்டு விழுந்துரும். அதுக்கு உச்சிகட்டானான்னு பேரு. இன்னைக்கு ஊரு உலகமெல்லாம் கட்டானான்னு சொல்லுதது அதைத்தான். மியூசியத்துல இன்னைக்கும் தாச்சிய வாய் கீழயும் கட்டானாவ வாய் மேலயும்தான் வைப்பான். கொல்லன் கையெழுத்தும் அப்படியே: இடுப்புல இருக்கும்போது எந்தப் பக்கம் ஊரு பாக்க வெளிய இருக்குமோ, அந்தப் பக்கம்தான் வெட்டுவான். தாச்சிக்கு ஒரு பக்கம், கட்டானாவுக்கு மறுபக்கம். கழத்திப் பாத்தே சொல்லிரலாம். சரி, உம்ம கத்தியில கையெழுத்து எந்தப் பக்கம்? ஸ்டிக்கர் பத்திக் கேக்கல நான்.

மூணு அடுக்குத் தாங்கி இன்னொரு கூத்து. சாமுராய் இடுப்புல இருந்தது ரெண்டு வே, பெருசு ஒண்ணு சிறுசு ஒண்ணு. தைஷோன்னு சொல்லுவாவ. அடுத்தவன் வீட்டுக்குப் போனா பெருச வாசல்லயே கொடுத்துட்டு, சிறுசோட உள்ள போவான். யாவாரிக்கும் ஊரு சனத்துக்கும் சாமுராய் மாதிரி ஜோடி போட அனுமதி இல்ல. சின்னது ஒண்ணு மட்டும் சொருகிக்கலாம், அதுவும் பயணம் போறப்ப. ஆக, உம்ம செட்டுல உமக்கு ஞாயமாப் பொருந்துதது அந்த நடுவுல உள்ளது மட்டும்தான். நீரு மளிகைக்கடை மொதலாளி, கணக்கு சரியா வருதா? அந்தச் சின்ன டான்டோ சாதியில ஒரு தங்கச்சி உண்டு, கைக்கென்னு பேரு, பொம்பளையாளு கச்சைக்குள்ள வச்சிருந்தது. இன்னைக்கும் அங்க கிமோனோ கட்டுத கல்யாணப் பொண்ணு இடுப்புல அலங்காரப் பையில அது ஒண்ணு சொருகியிருக்கும். மாப்பிள்ளை ஒழுங்கா இருக்கணும்லா.

இன்னும் சாதி எம்புட்டோ இருக்கு. ஆதியில வளைவே கெடையாது, நேர்க்கத்தி. சொக்குத்தோன்னு சொல்லுதாவ, நாராவுல ஷோசோயின் கருவூலத்துல எட்டாம் நூத்தாண்டுச் சரக்கு இருக்கு. மூணு ஷாக்குக்கு மேல போனா ஓடாச்சி. ஒகயாமாவுல கிபித்சுன்னு ஒரு கோயில்ல ஒண்ணு கெடக்கு: பிடியோட சேத்து 3.77 மீட்டர், எடை 14.5 கிலோ. அத எவன் வீசுனான்னு கேப்பீரு. ஒருத்தனும் வீசல வே, சாமிக்கு நேந்துவிட்டது. சாமிக்கு எடை தெரியாதுன்னு கொல்லன் நெனச்சிருப்பான். நீளக் கம்புல கத்தி வச்சா நாகினாட்டா; எடோ காலத்துல, தோகுகாவா வம்சம் நாட்ட ஆண்டப்ப, சாமுராய் வீட்டுப் பொம்பளைய அதத்தான் பழகினாவ. ஆம்பளைய பக்கத்துல நிக்க பயந்திருப்பாவ. அப்புறம் உம்ம பையன் ரூம்ல ஒட்டியிருக்கானே, கறுப்புத் துணி போத்தி, நேரா ஒரு கத்தியும் சதுரக் காப்புத் தகடும் வச்சுக்கிட்டு ஒருத்தன், அந்த நிஞ்சா கத்திக்குப் பழைய காலத்துச் சாட்சி ஒண்ணும் இல்ல. சினிமாக்காரன் செஞ்ச கத்தி அது.

இனி பேருக்கு வாரேன். நான் வாயத் தொறந்ததே இதுக்குத்தான்.

உம்ம கத்திப் பெட்டியில 'டிராகன் ஸ்லேயர்'னு அச்சடிச்சிருக்கு. உறையில டிராகன் படமும் போட்டிருக்கான். மருமவனே, ஒரு சின்ன சந்தேகம்: எந்த டிராகன்? எந்த ஊர்ல? பஞ்சாயத்துல பதிஞ்சிருக்கா? ஜப்பான்ல கத்திக்கு இப்படி முன்கூட்டிப் பேரு வைக்கது அபூர்வம். மொதல்ல அது ஏதாவது செய்யணும். செஞ்சதப் பாத்து ஊரு பேரு வைக்கும். ஊரு வைக்கத பேரு எப்படி இருக்கும்னு உமக்குச் சொல்லணுமா, உம்ம சித்தப்பாவுக்கு வச்சது ஞாபகம் இருக்குல்லா?

ஓடா நோபுனாகான்னு ஒரு பெரிய தளபதி, பதினாறாம் நூத்தாண்டு. அவருக்கு டீ போட்டுக் கொடுக்குதவன் என்னமோ தப்புப் பண்ணிட்டான். பயந்து போயி அடுக்களைக்குள்ள ஓடி, தட்டு வைக்கத அலமாரிக்குக் கீழ பூந்துக்கிட்டான். ஓங்கி வெட்ட எடமில்ல. தளபதி கத்திய அலமாரிக்குக் கீழ விட்டுச் சும்மா அழுத்தினாராம். ஆளு அறுந்து போயிட்டான். அந்தக் கத்திக்கு 'ஹெஷிகிரி'ன்னு பேரு விழுந்துச்சு, அழுத்தி அறுத்ததுன்னு. ஃபுகுஓகா நகர மியூசியத்துல இருக்கு, தேசியப் பொக்கிஷம். யோசிச்சுப் பாரும்: நாட்டையே கலக்குன மனுசன், அவன் கத்திக்குப் பேரு வாங்கிக் கொடுத்தது அடுக்களைக்குள்ள ஒளிஞ்ச டீக்காரன்.

அடுத்தது எனக்கு ரொம்பப் புடிச்சது. 1493-ல ஹதாகேயாமா மாசநாகான்னு ஒரு பிரபு சண்டையில தோத்துட்டாரு. மானஸ்தன், வயித்தக் கிழிச்சுச் சாவலாம்னு உக்காந்தாரு. கையில இருந்தது தோஷிரோ யோஷிமித்சுங்குத பெரிய கொல்லன் செஞ்ச டான்டோ. குத்துதாரு, எறங்க மாட்டேங்கு. திருப்பியும் குத்துதாரு, ஊஹூம். சாகப் போற நேரத்துலயும் இப்படி ஒரு இம்சையான்னு கடுப்புல தூக்கி எறிஞ்சாரு. மூலையில மருந்து இடிக்கத இரும்பு யந்திரம் ஒண்ணு கெடந்துச்சு, யாகென்னு பேரு. கத்தி போயி அதுக்குள்ள ரெண்டு பக்கமும் துளைச்சுக்கிட்டு எறங்கிட்டாம். மொதலாளி வயித்துல மட்டும் எறங்காத விசுவாசக் கத்தின்னு ஊரெல்லாம் பேச்சாப் போச்சு, பேரும் 'யாகென் தோஷிரோ'ன்னு ஆச்சு. அசல் இப்ப எங்கயும் இல்ல. மொதலாளியும் பொழைக்கல, வேற கத்தி கெடச்சிருக்கும் போல.

நிக்காரிக்குப் பெறவு வாரேன்னேனா? ராத்திரியில ஒருத்தன் போறான், வழியில ஒரு பொம்பளை அவனப் பாத்துச் சிரிச்சா. பேயின்னு நெனச்சு ஒரே வெட்டு. விடிஞ்சு வந்து பாத்தா ரெண்டாப் பொளந்து கெடந்தது கல்விளக்கு. நிக்காரின்னா சிரிப்பு. சிரிச்ச பொம்பளைய வெட்டப் போயி கல்லு வெட்டுனவன் கத்தி, ஊரு சொத்தா ஆயிட்டு. இன்னொரு கத்தி மேல ஒரு பூனை பட்டு ரெண்டாப் போச்சாம். பூனைய வெட்டுன நான்சென்னு ஒரு ஜென் சாமியார் கதை ஏற்கெனவே ஊருக்குள்ள இருந்ததால, 'நான்சென்'னு பேரு வச்சிட்டான். நகோயாவுல தோகுகாவா மியூசியத்துல இருக்கு அது. ஹோசொகாவா ததாஓக்கின்னு ஒரு பிரபு, தேநீர்ச் சடங்கும் கவிதையும் கரைச்சுக் குடிச்சவன். தன் ஆளுல 36 பேர ஒரே கத்தியால தீத்துட்டான்னு கதை. அங்க பெரும்புலவர்னு கொண்டாடுதது 36 பேரு. கணக்கு ஒத்துப் போச்சுன்னு கத்திக்குக் 'காசென்'னு, கவிராயர்னு, பேரு வச்சான். படிச்சவன் கையில கத்தி இருந்தா இதான் வினை.

சசாகி கோஜிரோ சமாச்சாரம் உமக்குத் தெரிஞ்சிருக்கும். மியாமொத்தோ முசாஷி கூட 1612-ல ஒரு தீவுல ஒத்தைக்கொத்தை நின்னு செத்தவன். அவன் கத்தி ரொம்ப நீளம். ஊரு அதுக்கு வச்ச பேரு 'மோனோஹோஷிசாவோ', துணி காயப்போடுத கம்பு. எதிராளி படகுத் துடுப்பச் செதுக்கிக் கட்டையாக்கி எடுத்துக்கிட்டு வந்து மண்டையில போட்டான்னு கதை சொல்லுதாவ. துடுப்பும் கொடிக்கம்பும் போட்ட சண்டையத்தான் நீரு சினிமாவுல பாத்துட்டு ராத்திரி தூங்காம உக்காந்திருந்தீரு.

பேய வெட்டுன பெருமை உள்ளதும் இல்லாம இல்ல. 'தோஜிகிரி'ன்னு ஒரு தாச்சி, ஹோக்கி நாட்டு யசுத்சுனா செஞ்சது, டோக்கியோ தேசிய மியூசியத்துல இருக்கு. ஓயே மலையில இருந்த குடிகார அரக்கன் தலைய எடுத்தது அதுதானாம். எடோ காலத்துல அதுக்கு மறுபடியும் பரீட்சை வச்சப்ப, அடுக்கி வச்ச ஆறு பிணத்த ஒரே வெட்டுல வெட்டி அடியில இருந்த மேடைக்கும் போயிட்டுன்னு சொல்லுதாவ. பரீட்சை நெசமாவே உண்டு வே. தண்டனை வாங்கிச் செத்தவன் ஒடம்ப வச்சுக் கத்திய சோதிக்கதுக்குன்னே யமாதா அசாஎமோன்னு ஒரு பரம்பரை இருந்துச்சு. எத்தனை ஒடம்பு போச்சுன்னு கத்தி வால்ல தங்கத்துல பொறிச்சுக் கொடுப்பான். உம்ம கத்திக்கு மூணு ஸ்டார் ரிவ்யூ இருக்குன்னீரே, அது மாதிரி.

வாலுன்னு சொன்னேனா, அங்கதான் விசயமே இருக்கு. மாட்டுத் தரகன் மாட்டோட வாயத் தொறந்து பல்லப் பாக்கானே, அப்படி அங்க கத்தி தெரிஞ்சவன் மூங்கில் ஆணியத் தட்டி எடுத்து, கைப்பிடியக் கழத்தி, வாலத்தான் பாப்பான். அலகு ஏமாத்தும், சாணை புடிச்சவன் பளபளன்னு ஆக்கிருவான். வாலு ஏமாத்தாது. அரம் போட்ட கோடு எந்தச் சாய்வுல ஓடுது, ஆணி ஓட்டை ஒண்ணா ரெண்டா, உளியால வெட்டுன எழுத்து எப்படி, துரு என்ன நெறம்னு ஒவ்வொண்ணாப் பாக்கணும். நூறு நூறு வருசத்துத் துரு கறுத்து, வழவழன்னு கெடக்கும். அதச் சொரண்டுனா கத்தியோட வயசையே சொரண்டிட்டீருன்னு அர்த்தம். விலை பாதாளத்துக்குப் போயிரும். நீரு வெங்கலப் பானைக்குப் புளி போட்டுத் தேய்க்கத ஆளு, அதான் முன்கூட்டியே சொல்லி வைக்கேன். அலகுக்கு மட்டும் கிராம்பெண்ணெய் லேசாத் தடவுவான், வாலத் தொட மாட்டான்.

உம்ம டிராகன் ஸ்லேயரோட வாலு எப்படி இருக்கும் தெரியுமா? நான் கழத்திப் பாத்துட்டேன், நீரு பாயாசம் பரிமாறிக்கிட்டு இருந்தப்ப. எவர்சில்வர் அலகுக்கு அடியில பென்சில் தடிமன்ல ஒரு கம்பியப் பத்தவச்சு, நுனியில மரை போட்டு முறுக்கி வச்சிருக்கான். ஓங்கி வீசுனா அலகு தனியா, பிடி தனியாப் போவும். குலசை தசராவுக்கு சாமுராய் வேசம் கட்டி இதச் சொருகிட்டுப் போலாம்னு எண்ணம் இருந்தா விட்ரும். அட்டைக் கத்தி செஞ்சுக்கிடும். அலகுல அலை அலையா ஒரு கோடு ஓடுதே, ஹாமோன்னு பெருமையாச் சொன்னீரு, அது ஆசிட் ஊத்தி வரைஞ்சது. நெசமான கோடு வாரதுக்கு, களிமண்ணக் குழைச்சு முதுகுக்குத் தடியாவும் வாய்க்கு மெல்லிசாவும் பூசி, செக்கச் செவேல்னு காய்ச்சித் தண்ணியில முக்கணும். மெல்லிசாப் பூசுன எடம் சட்டுன்னு ஆறி இறுகி, அங்க இரும்பு விரியும். விரிய எடமில்லாம கத்தி முதுகுப் பக்கமா வளையும். அந்த வளைவு பாதி தண்ணி கொடுத்ததுதான். பல கத்தி அந்தத் தொட்டியிலயே விரிசல் விட்டு, மாசக் கணக்கான பாடு ஒரு நொடியில போயிரும்.

"ஆயிரம் மடிப்பு மடிச்ச இரும்பு மாமா"ன்னீரு. நீரு வட்டிக்கணக்குப் போடுத ஆளு, இதயும் போடும். ஒரு தடவ மடிச்சா ரெண்டு அடுக்கு, ரெண்டு தடவ மடிச்சா நாலு. பதினஞ்சு தடவ மடிச்சா 32,768. கொல்லன் மடிக்கதே பத்து, பதினஞ்சு தடவதான். அழுக்கு வெளிய போவணும், கரி எல்லா எடத்துலயும் ஒண்ணாப் பரவணும், அதுக்குத்தான். ஆயிரம் மடிச்சா கரி பூரா எரிஞ்சு போயி, கையில மிஞ்சுதது கத்தி இல்ல. அந்த இரும்பும் கடையில வாங்குதது இல்ல. ஷிமானே மாவட்டத்துல ஒகுஇசுமோவுல மண் உலையக் கட்டி, குளிர்காலத்துல மூணு ராத்திரி மூணு பகல் விடாம இரும்பு மணலையும் கரியையும் போட்டு எரிச்சு எடுப்பான். நின்னு போன உலைய 1977-ல திரும்ப மூட்டுனாவ.

சாபக் கத்தி சமாச்சாரத்தையும் முடிச்சிருதேன், ஏன்னா உம்ம பையன் கேட்டான். முராமசான்னு ஒரு கொல்லன், இசே நாட்டுல குவானா ஊரு. தோகுகாவா வம்சத்துத் தலைவரு இயேயாசுவோட தாத்தாவ வெட்டுனது அவன் கத்தி, மகன் வயித்தக் கிழிச்சப்ப தலைய எடுத்ததும் அவன் கத்தின்னு கதை கெளம்பி, ரத்தம் குடிக்காம உறைக்குள்ள போவாதுன்னு நாடகக்காரன் கட்டிவிட்டான். குவானாவும் தோகுகாவா ஊரும் பக்கம் பக்கம். அந்தச் சுத்துவட்டாரத்துல எவன் இடுப்பத் தொட்டாலும் முராமசாதான் இருக்கும். இயேயாசுவே ஒண்ணு வச்சிருந்தாரு, நகோயாவுல இன்னைக்கும் இருக்கு. மாசமுனேங்குத பெரிய கொல்லன்கிட்ட முராமசா தொழில் படிச்சான், ஆத்துல கத்திய நட்டுப் போட்டி வச்சாவன்னு ஒரு கதை சொல்லுவான். ரெண்டு பேருக்கும் நடுவுல கிட்டத்தட்ட இருநூறு வருசம் இருக்கு வே. குரு செத்து எம்புட்டோ வருசம் கழிச்சு சிஷ்யன் பொறந்து போட்டி போட்டிருக்கான்!

கத்தி வச்சிருக்க உரிமையும் சும்மா இல்ல அங்க. 1588-ல நாட்ட ஆண்ட ஹிதேயோஷி சம்சாரிககிட்ட இருந்த ஆயுதத்த எல்லாம் புடுங்கினான். பெரிய புத்தர் கோயிலுக்கு ஆணி அடிக்கப் போறேன், உங்களுக்கு இந்தப் பிறவியிலயும் புண்ணியம் அடுத்த பிறவியிலயும் புண்ணியம்னு ஆணை போட்டான். அவனே சம்சாரி வீட்டுப் பய. மேல ஏறுன ஏணிய மேல இருந்துக்கிட்டே தூக்கிட்டான். 1876-ல சாமுராய் இடுப்புலயும் கத்தி கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. இன்னைக்கு அங்க ஒரு கொல்லன் உரிமம் வாங்கணும்னா உரிமம் உள்ளவன்கிட்ட அஞ்சு வருசம் கெடக்கணும். வாங்குன பெறவும் மாசத்துக்கு நீளக்கத்தி ரெண்டு, இல்லன்னா சின்னது மூணு, அதுக்கு மேல செய்யப்படாது. உம்ம ஆன்லைன் கடைக்காரன் ஒரு நாளைக்கு எம்புட்டு வித்தான்னு விசாரிச்சுப் பாரும்.

பெரிய கத்தியெல்லாம் இப்ப பொம்பளைப் புள்ளைய வரிசையில நின்னு பாக்குது. 2015-ல ஒரு கணினி விளையாட்டு வந்துச்சு, பழைய கத்தி ஒவ்வொண்ணையும் அழகான பயலா வரைஞ்சு விட்டான். அதுல இருந்து கத்திக் கண்காட்சின்னா கூட்டம். செத்தோஉச்சின்னு ஒரு சின்ன நகராட்சி, தன் மண்ணுல செஞ்ச ஒரு கத்தி கைமாறிப் போயிரக்கூடாதுன்னு நன்கொடை திரட்டி 2020-ல 50 கோடி யென் கொடுத்து வாங்குச்சு. உம்ம நகராட்சி சாக்கடைக்கு மூடி வாங்குமான்னு பாரும் மொதல்ல.

கடைசியா ஒண்ணு, இது யாவாரம். ஹோஞ்சோ ஷிகேநாகான்னு ஒரு தளபதி. சண்டையில ஒருத்தன் இவன் தலைக்கவசத்த ரெண்டாப் பொளந்துட்டான். தலை தப்பிச்சு, வெட்டுனவனச் சாய்ச்சு, கத்தியப் புடுங்கிக்கிட்டான். செஞ்சது மாசமுனே. வெட்டு வாங்குனவன் பேரே கத்திக்கு ஆயிட்டு, ஹோஞ்சோ மாசமுனேன்னு. பின்னால தோகுகாவா வம்சத்துச் சொத்தாச்சு, தேசியப் பொக்கிஷமாவும் அறிவிச்சாவ. 1945 டிசம்பர்ல, தோத்த நாடு ஆயுதத்த ஒப்படைக்கணும்னு சொன்னதால, அந்தக் குடும்பம் அத டோக்கியோவுல மெஜிரோ போலீஸ் ஸ்டேஷன்ல கொடுத்துச்சு. அடுத்த மாசம் ஒரு அமெரிக்க சிப்பாய் வந்து வாங்கிட்டுப் போனான். அதுக்கு அப்புறம் இன்னைய வரைக்கும் எவனும் பாக்கல. அலகு 65 சென்டிமீட்டர். ஆன்லைன்ல ராத்திரி ராத்திரி கத்தி தேடுத ஆளு நீரு. அப்படி ஒண்ணு கண்ணுல பட்டா, விலை கேக்கதுக்கு முந்தி மாமனுக்கு ஒரு போன் போடும்.